ரிப்போர்ட்டில் 'கிருமி வளரவில்லை'... ஆனாலும் அம்மாச்சியின் முட்டிக்குள் ஒளிந்திருந்தது யார்?

என் அம்மாச்சி வத்தலக்குண்டில் முப்பது வருடங்களுக்கு மேல் வாசலில் இட்லிக் கடை போட்டவர். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு முன் நின்றால், உட்காரும்போது பத்து மணி ஆகிவிடும். அப்படி நின்று நின்றே தேய்ந்துபோன வலது முட்டிக்கு, 67 வயதில் செயற்கை மூட்டு வைத்தோம். மூன்றே மாதத்தில் கைத்தடி இல்லாமல் கடைவீதி வரை போய்வந்தார். தெருவில் முட்டி வலி என்று சொன்ன எல்லோரிடமும், "பயப்படாம வெச்சுக்கோங்க" என்று தானே முன்வந்து சிபாரிசு செய்தார்.

ஒன்றரை வருடம் கழித்து அதே முட்டியில் குடைச்சல் ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை. தோல் சிவக்கவில்லை. சீழ் கட்டவில்லை. லேசான வீக்கம் மட்டும்தான். ஆனால், நடக்கும்போது மட்டுமல்லாமல், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தது. "உள்ளுக்குள்ள எதுவோ கெடந்து குடையுதுடி" என்றார்.

பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது. மாத்திரை தீர்ந்த பத்தாவது நாள் திரும்பி வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் நிம்மதி, மறுபடியும் வலி. ஐந்து மாதத்தில் நான்கு முறை இப்படியே ஓடியது. அதன்பிறகுதான் மாமா அவரை மதுரையில் ஒரு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப்போனார்.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற எனக்கு வீட்டில் ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. எந்த ரிப்போர்ட் வந்தாலும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். "நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே, இதையும் படிச்சுச் சொல்லு" என்பார் அம்மா. அப்படித்தான் செயற்கை மூட்டில் கிருமியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒவ்வொரு படியாகத் தெரிந்துகொண்டேன்.

ஒரே டெஸ்ட்டில் தெரியாது

முதலில் எக்ஸ்-ரே. அதில் மூட்டு அசையாமல் கச்சிதமாக இருந்தது. அடுத்து ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு பரிசோதனைகள். உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்பதை மட்டும்தான் இவை சொல்லும், எங்கே என்று சொல்லாது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் இவை அதிகமாகத்தான் இருக்கும். ஆனால், ஒன்றரை வருடம் கழித்தும் அதிகமாக இருந்தால் கவனிக்க வேண்டும். அம்மாச்சிக்கு இ.எஸ்.ஆர். 52, சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மில்லிகிராம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. சில லேப்கள் சி.ஆர்.பி-யை லிட்டர் கணக்கிலும், சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கிலும் தருகின்றன. லிட்டருக்கு 18 என்பதும் டெசிலிட்டருக்கு 1.8 என்பதும் ஒன்றுதான். இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்து, "பரவாயில்லை, குறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அளவையும் பாருங்கள்.

2013-ல் பல நாட்டு நிபுணர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கூடி, செயற்கை மூட்டுத் தொற்றை எப்படி உறுதிசெய்வது என்று விதிகள் வகுத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வெகுநாள் ஆனவர்களுக்கு இ.எஸ்.ஆர். 30-ஐயும், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமையும் தாண்டினால் சந்தேகம். மூட்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணுக்கள் 3,000-ஐத் தாண்டினாலோ, அவற்றில் நியூட்ரோஃபில் வகை 80 சதவிகிதத்தைத் தாண்டினாலோ சந்தேகம் வலுக்கும். விதிகள் பிறகு திருத்தப்பட்டாலும், அடிப்படை மாறவில்லை. எந்த ஒரு டெஸ்ட்டையும் மட்டும் நம்பக் கூடாது, பல சாட்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து முட்டியில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். சிறுநீரில் தொற்று பார்க்கப் பயன்படுத்தும் சாதாரண பட்டையில் அதில் ஒரு சொட்டு விட்டார் டாக்டர். இரண்டு நிமிடத்தில் பட்டை கரும் ஊதாவாக மாறியது. வெள்ளணுக்கள் சுரக்கும் ஒரு நொதியைக் கண்டுபிடிக்கும் பட்டை அது. பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. வெள்ளணு எண்ணிக்கையும் 9,000-ஐத் தாண்டியிருந்தது.

ஆனால், சில நாள் கழித்து வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டில், 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று இருந்தது. மாமா பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். மறுநாள் டாக்டர் சொன்னது வேறு: "லேப்ல வளரலைன்னு மட்டும்தான் இதுக்கு அர்த்தம். உள்ள இல்லைன்னு அர்த்தம் இல்லை. கடைசியா எப்போ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்க?"

ஊசி போட்டதற்கு நான்கு நாள் முன்புதான் நான்காவது சுற்று மாத்திரை முடிந்திருந்தது.

தொட்டிப் பாசி மாதிரி

கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வழவழவென்று ஒரு படலம் இருக்கும். தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். செயற்கை மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிருமிகள் இப்படித்தான் ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. மருத்துவத்தில் இதற்கு 'பயோஃபிலிம்' என்று பெயர். உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. படலத்துக்குள் மந்தமாகக் கிடக்கும் கிருமிகளை மருந்தும் எளிதில் அழிக்காது. மாத்திரை சாப்பிட்டால், நீரில் மிதக்கும் கிருமிகள் மட்டும் சாகும். வலி குறையும். ஊசியில் எடுத்த நீரிலும் எதுவும் கிடைக்காது. ஆனால், படலம் அப்படியே இருக்கும்.

இந்தச் சிக்கலை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007-ல் அழகாகக் காட்டினார்கள். வெளியே எடுத்த செயற்கை மூட்டை மீயொலி அலைகளால் அதிரவைத்து, ஒட்டியிருந்த கிருமிகளை உதிர்த்து, அதைக் கல்ச்சர் செய்தார்கள். மொத்தம் 331 பேரை ஆராய்ந்ததில், வழக்கமான திசுப் பரிசோதனை தொற்று உள்ளவர்களில் 60.8 சதவிகிதம் பேரைக் கண்டுபிடித்தது. இந்த முறை 78.5 சதவிகிதம் பேரைக் கண்டுபிடித்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய 14 நாள்களுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடம் வழக்கமான முறை 45 சதவிகிதமாகச் சரிந்தது. பாதிப் பேருக்கு மேல் கிருமி கண்ணில் படாமல் தப்பிவிட்டது!

மாத்திரை இல்லாத 14 நாள்கள்

"ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் எதுவும் வேண்டாம். அப்புறம் மறுபடி நீர் எடுப்போம். நடுவுல காய்ச்சல், குளிர் வந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். வலிக்கு பாராசிட்டமால் மட்டும்.

வீட்டில் பெரிய சண்டை. "வலியில துடிக்கிறவங்களுக்கு மருந்து கொடுக்காதீங்கன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சித்தி அழுதார். வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்றார் மாமா. முடிவு செய்தது அம்மாச்சிதான். "அஞ்சு மாசம் தாங்கினவ பதினாலு நாள் தாங்க மாட்டேனா? வந்தவன் யாருன்னு தெரியாம எத்தனை நாளைக்கு மருந்து திங்கிறது?"

அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. பதினைந்தாவது நாள் எடுத்த நீரை நேராகக் கல்ச்சர் பாட்டிலில் செலுத்தி, 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டாம். எங்களுக்கு ஐந்தாவது நாளே போன் வந்துவிட்டது. ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோர் தோலிலும் சாதுவாக வாழ்கிற கிருமி. செயற்கை மூட்டுக்குள் புகுந்தால்தான் வில்லன்.

தோல் கிருமி என்பதால் ஊசி வழியே தவறுதலாகக் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால், அறுவை சிகிச்சையின்போது ஐந்து இடங்களில் திசு எடுத்துச் சோதித்தார்கள். இரண்டில் ஒரே கிருமி வந்தாலே தொற்று உறுதி. எங்களுக்கு நான்கில் வந்தது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற பட்டியலும் கூடவே கிடைத்தது.

பிறகு பழைய மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட்டில் செய்த தற்காலிக மூட்டை வைத்தார்கள். ஆறு வாரம் மருந்து. அது முடிந்து, ரத்தப் பரிசோதனைகள் சரியான பிறகு மறுபடியும் புது மூட்டு. மொத்தம் மூன்றரை மாதம் வாக்கர். அம்மாவின் வளையல்கள் இன்னமும் அடகில்தான் இருக்கின்றன. இப்போது அம்மாச்சி நடக்கிறார். முன்பு போல வேகமில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

இதைப் படித்து யாரும் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம். தொற்று வருவது நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான். ஆனால், அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால்...

* நன்றாக இருந்த செயற்கை மூட்டில் புதிதாக வலி, வீக்கம், ஓய்விலும் குடைச்சல், தழும்பில் கசிவு இருந்தால், அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமோ மூட்டு நிபுணரிடமோ உடனே காட்டுங்கள். தொற்று தொடங்கிய சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால், பல நேரங்களில் உள்ளே சுத்தம் செய்து, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற முடியும்.

* வேறு யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதினால், "இது செயற்கை மூட்டு, முதலில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

* ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலும் நடுக்கமுமாக இருப்பவர்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்க முடியாது. எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

* சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். என்ன மாத்திரை, எந்தத் தேதி வரை என்று எழுதிவையுங்கள். அம்மா எல்லா அட்டைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டாக்டர் முதலில் கையில் எடுத்தது அந்த டப்பாவைத்தான்.