காண்பதும் கண்காணிப்பதும்

‘கண்காணி’ என்பது பழந்தமிழ்ச் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளிலே கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தோரைச் சுட்டிய அச்சொல், எமது மலையகத் தோட்டங்களிலே ‘கங்காணி’ எனத் திரிந்து, ஆட்களைத் திரட்டி வந்து அவர்தம் உழைப்பை அளந்து நின்றவரைக் குறிக்கலாயிற்று. இன்று கணனித்துறையினர் கண்காணிப்பைப் பற்றிப் பேசும்பொழுது, இவ்விருவரில் எவரை மனத்திற் கொள்கின்றனர் என்னும் வினா எனக்கு எழுவதுண்டு.

முன்னர் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பெரும்பாலும் ஒரே தொகுதியாக இயங்கிற்று. இப்பொழுதோ அது பல சிறு சேவைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனிக் கொள்கலனில் இடப்பட்டு, பல கணனிகள் சேர்ந்த கொத்தணியொன்றிலே பரப்பப்படுகின்றது. அக்கொத்தணிகளை ஆள்வதற்கென 2014இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட மென்பொருளே குபெர்னெற்றிஸ். கிரேக்க மொழியில் அப்பெயருக்கு மீகாமன் என்பது பொருள். சேவைகள் யாவும் ஏ.பி.ஐ. எனப்படும் வரையறுத்த வாயில்களினூடாக ஒன்றோடொன்று உரையாடுகின்றன. முன்னர் ஒரே கணனியின் நினைவகத்துள் நிகழ்ந்த அழைப்பு, இன்று வலையமைப்பின் வழியே செல்லும் கடிதமாகிவிட்டது. வெளிவாயிலிற் காவல் நிற்கும் கருவிக்கு இக்கடிதங்கள் தென்படுவதில்லை. கொள்கலன்கள் அழிந்து பிறக்குந்தோறும் முகவரிகளும் மாறுகின்றமையால், நேற்றைய முகவரிப் பட்டியல் இன்று பயன்படாது.

நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றிலே, நெரிசல் மிகுந்த வேளைகளிற் கட்டணச் சேவை சில சமயம் ஐந்து விநாடி வரை தாமதித்தது. ஒவ்வொரு சேவையின் பதிவேடும் தன்மீது குற்றமில்லை என்றே சாட்சி கூறிற்று. ஈற்றில், சேவைகளுக்கிடையே ஓடும் பொதிகளையே பிடித்துப் பார்த்தோம். காரணம் வியப்பூட்டியது. குபெர்னெற்றிஸின் வழமையான அமைப்பின்படி, ஐந்து புள்ளிகளுக்குக் குறைந்த பெயர் எதுவாயினும் அது முதலிற் கொத்தணிக்குள்ளேயே தேடப்படும். வெளியிலுள்ள வங்கியொன்றின் பெயரோடு மூன்று உள்ளகப் பின்னொட்டுகள் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்டு, இருவகை முகவரிகளுக்குமாக ஆறு வீண் வினாக்கள் எழுந்தன. நெரிசலிலே அவற்றுட் சில தொலைந்தன. பதில் வராத வினாவுக்காக ஐந்து விநாடி காத்திருப்பது பெயர் தேடும் மென்பொருளின் வழமை. பெயரின் இறுதியில் ஒரு புள்ளியை இட்டதும் தாமதம் நீங்கிற்று. இடைவெளியைக் காணாதிருந்தால் அப்புள்ளியை நாம் ஒருபோதும் இட்டிருக்கமாட்டோம்.

ஆயின், அதே திரையில் வேறொன்றும் தெரிந்தது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கங்கள், தொலைபேசி எண்கள், அவர்கள் செலுத்திய தொகைகள் என யாவும் வெளிப்படையாக ஓடிக்கொண்டிருந்தன. மறைகுறியாக்கம் இருந்தால் இது நிகழாதே எனச் சிலர் கூறலாம். அதுவும் முழு உண்மையன்று. 2014இல் லினக்ஸின் கருப்பகுதியிற் சேர்க்கப்பட்ட ஈ.பி.பி.எஃப். என்னும் வசதியின் துணைகொண்டு, மறைகுறியாக்க நூலகத்தினுள் செய்தி நுழையும் கணத்திலேயே அதனை வாசிக்கலாம், திறவுகோலே வேண்டியதில்லை. கடிதம் எழுதுவோனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பவனுக்கு, உறை ஒட்டப்பட்டாலென்ன, ஒட்டப்படாவிட்டாலென்ன?

குறை தீர்ந்த பின்னர், இவ்வாறு பிடிப்பதை நிரந்தரமாக்கலாம் என்றொரு யோசனை எழுந்தது. நிருவாகி ஒருவர், “கிளைகளில் எந்த ஊழியர் எத்தனை கோரிக்கைகளை அனுப்புகின்றார் என்பதையும் இதில் அறியலாமல்லவா?” என வினவினார். அறியலாம் என்பதே உண்மை. நான் அதனை எதிர்த்தேன். குறையைக் கண்டறிய எமக்குத் தேவைப்பட்டவை அனுப்பியவர் யார், பெற்றவர் யார், எப்பொழுது, எவ்வளவு நேரம், என்ன விளைவு என்பனவே. கடிதத்தின் உள்ளடக்கம் ஒருமுறையேனும் தேவைப்படவில்லை. உள்ளடக்கத்தைப் பார்த்தாலன்றித் தீராத குறைகளும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அவ்வேளையில் ஒரு சேவையை மட்டும், குறித்த காலத்துக்கு மட்டும், பார்ப்பவரின் பெயரைப் பதிந்து திறக்கலாம், இலக்கங்களை மறைக்கலாம், பணி முடிந்ததும் அழிக்கலாம். எமது நாட்டில் 2022இல் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொல்லப்பட்ட நோக்கத்துக்கு அப்பால் தரவு பயன்படலாகாது என்னும் கோட்பாட்டையே கொண்டுள்ளது.

நீண்ட விவாதத்தின் பின்னர் உறைமேல் விவரங்களை மட்டும் சேமிப்பதென முடிவாயிற்று. நிருவாகியின் வினாவோ இன்னும் முற்றாக ஓயவில்லை. புதிய கருவியொன்று வருந்தோறும் அது புது வடிவில் எழுகின்றது. நாளை இத்துறையிற் புகும் மாணவர் எவரும் அதனை எதிர்கொள்ள நேரும். எதையெல்லாம் பார்க்கலாம் என்பதற்குக் கருவி விடை கூறும். எதைப் பார்க்காது விடவேண்டும் என்பதற்கு நாமே விடை கூறல் வேண்டும்.