மாமாவுக்கு ஒரு கேள்வி

பி.காம் படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டு விஷயம். தஞ்சாவூர் பக்கம் விவசாயம் பார்க்கும் மாமாவுக்கு இருமுனைக் கோளாறு. ஒரு குறுவையில் தூக்கமே இல்லாமல் திரிந்து, கடன் வாங்கி ரெண்டு டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினார். லித்தியம் மாத்திரையில் வேகம் குறைந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை, சம்பா நடவுக்கு வயல் பக்கமே வரவில்லை.

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சை இந்த வெட்கத்தைத்தான் பிடிக்கிறது. பயம், வேகம், ஆறுதல் என்று மனசுக்குள் மூன்று இயக்கமாம். மூன்றாவதைப் பழக்க வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, கூடவே.

"பக்கத்து வயல்காரருக்கு இது வந்திருந்தா இப்படியா திட்டுவீங்க மாமா?"

"அவன் பாவம்டா."

"அப்ப நீங்க?"

பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, வாய்க்காலில் தண்ணி வந்துடுச்சா என்று கேட்டார்.