லொறியில் வந்த வீடுகள்

பள்ளி விடுமுறை வந்தால் ஒக்லாந்தில் எங்களுக்குத் தெரிந்தது கடற்கரை, இல்லாவிட்டால் மோல். இந்த முறை அம்மாவையும் என் எட்டு வயது மகளையும் பக்குரங்காவில், லொயிட் எல்ஸ்மோர் பார்க்கில் இருக்கும் ஹொவிக் வரலாற்றுக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே 30க்கும் மேற்பட்ட கட்டிடங்கள். சின்னச் சின்ன மரவீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயம், கொல்லன் பட்டறை. பலவற்றை அவை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிலவற்றைப் பழைய முறைப்படி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. 1847 முதல் 1852 வரை ஃபென்சிபிள் என்ற பெயரில் இங்கே வந்து இறங்கிய, ஓய்வுபெற்ற பிரித்தானியப் படைவீரர்களின் காலத்தைக் காட்டும் இடம் இது. அவர்களில் நிறையப் பேர் ஐரிஷ் ஏழைகள். ஏழு வருஷக் காவல் கடமைக்குச் சம்பளமாக ஒரு சின்ன வீடும் ஒரு ஏக்கர் காணியும். முதல் குடும்பங்கள் வந்தபோது வீடுகள் கட்டி முடியவில்லை. கூடாரத்திலும் ராவுபோ என்ற கோரையால் வேய்ந்த குடிசையிலும் இருந்தார்கள். அதற்கு முன்னமே இது ஙாய் தாய் என்ற மாவோரி மக்களின் மண். இதையும் மகளுக்குச் சொன்னேன்.

ராவுபோ குடிசைக்குள் அம்மா குனிந்து போய்க் கூரையைத் தடவிப் பார்த்தா. "எங்கட கிடுகு வேலை மாதிரித்தான் பிள்ளை" என்றா.

மகள் கேட்டாள்: "அம்மம்மா, உங்கட வீட்டையும் இப்பிடி லொறியில கொண்டுவந்து வச்சிருக்கினமோ?"

அம்மா பதில் சொல்லவில்லை.

எங்கட ஊர் மயிலிட்டி. 1990 இல் வெளிக்கிட்டபோது எனக்கு நாலு வயது. ஒன்றும் ஞாபகம் இல்லை. ஊரின் ஒரு பகுதி 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டபோது மாமா போய்ப் படம் எடுத்து அனுப்பினார். 27 வருஷப் பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. வீடு இருந்ததற்கு அடையாளமே இல்லை. லொறியில் ஏற்ற எங்களிடம் ஒரு கதவுகூட இல்லை.

ஆனால் அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு விஷயம் என் மனதில் நின்றது. ஹொவிக் வரலாற்றுச் சங்கம் தொடங்கியது 1962 இல். கிராமம் திறந்தது 1980 இல். இடையில் 18 வருஷம். அவ்வளவு காலமும் ஊர்ச்சனம் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்த்தது, திருத்தியது, கேட்டு எழுதியதுதான் இன்றைக்கு நாங்கள் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியாவிட்டால் அது வெறும் பழைய பலகை. அந்தத் தகவலுக்கு லொறி வேண்டாம். கேட்க ஒரு ஆள் போதும்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, "அம்மம்மா சொல்லச் சொல்லக் கீறு" என்றேன். தெருப்படலை, விறாந்தை, அடுப்படி, கிணற்றடி வாழை. மழை பெய்தால் மட்டும் சாத்த முடியாத பின் அறைக் கதவு. இது எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்டதில்லை. கேட்டால் அழுவாவோ என்ற பயம். அம்மா அழவில்லை, "அடுப்படி அவ்வளவு சின்னன் இல்லை, அழிச்சுக் கீறு" என்று பேத்தியை அதட்டினா.

பிறகு ஒழுங்கை. மொத்தம் 11 வீடு. ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, ஒன்பதோடு நின்றுவிட்டா. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. 74 வயது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த நாள் காலையிலேயே ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு போன் போட்டோம். ஒரு பெயர் கிடைத்தது. மற்றது அவவுக்கும் மறந்துபோச்சு. லண்டனில் ஒரு சித்தப்பாவைக் கேட்கச் சொன்னா.

படம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பத்து வீட்டில் பெயர் இருக்கிறது. பதினோராவது பெட்டிக்குள் மகள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்கு எடுக்க வேணும்.