சத்தம் இல்லாவிட்டாலும் மான் விலகும்!

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லா கிராண்ட் என்று ஒரு சிற்றூர். ஊரைச் சுற்றித் தீவனப்புல் வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் நீல மலைத்தொடர். அங்குள்ள பைன் காடுகளில் 'எல்க்' என்ற பெரிய மான் திரிகிறது. நம் ஊர் மிளாவுக்குச் சொந்தம் என்று சொல்லலாம். ஆண் மான் சுமார் 300 கிலோ இருக்கும். நம் நாட்டில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கே உரிமம் வாங்கி, குறித்த நாள்களில் வேட்டையாடலாம்.

மலைக்குள் வெகுதூரம் போக டர்ட் பைக் நல்லதா, இ-பைக் நல்லதா என்பது அந்த வேட்டைக்காரர்களின் கேள்வி. டர்ட் பைக் என்பது கரடுமுரடான பாதைக்கான பெட்ரோல் வண்டி. பாரம் இழுக்கும், கேனில் பெட்ரோல் எடுத்துப்போனால் நாள் முழுக்க ஓடும். ஆனால், சத்தம் ஊரைக் கூட்டும். புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இல்லாமல் காட்டுக்குள் ஓட்டக்கூடாது.

இ-பைக் என்பது நாம் மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிள். சத்தம் குறைவு. சின்ன டிரெய்லரும் மாட்டலாம். ஆனால், ஒரு பெரிய மானை எலும்பு நீக்கினாலும் 80 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். ஏற்றத்தில், அதுவும் குளிரில், பேட்டரி சீக்கிரம் இறங்கும். காட்டில் சார்ஜ் போட வழியில்லை.

சைக்கிள்தானே என்று எல்லாப் பாதையிலும் நுழைந்துவிடவும் முடியாது. தேசிய வனங்களில் இ-பைக்கும் மோட்டார் வண்டிக் கணக்குதான். எந்தப் பாதையில், எந்த மாதம், எந்த வண்டி போகலாம் என்று வனத்துறை இலவச வரைபடம் தருகிறது. பக்கத்திலேயே இருக்கும் 'ஈகிள் கேப்' வனப்பகுதியில் சாதாரண சைக்கிளுக்கே அனுமதி இல்லை. நடக்கலாம், குதிரையில் போகலாம்.

சரி, சத்தம் இல்லாவிட்டால் மான் அசையாமல் நிற்குமா? லா கிராண்டிலிருந்து சுமார் 45 கி.மீ. தூரத்தில் உள்ள ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மான்களுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி, நான்கு சக்கர மோட்டார் வண்டி, மோட்டார் இல்லாத மலை சைக்கிள், நடை, குதிரை என ஒவ்வொன்றாகப் பாதையில் விட்டார்கள். 2018-ல் முடிவு வெளியானது. நான்குக்குமே மான்கள் பாதையை விட்டு விலகின. மோட்டார் வண்டிக்கு அதிகமாக விலகின. அடுத்த இடம் சத்தமில்லாத சைக்கிளுக்கு!

இதில் விவசாயிக்கு என்ன? காட்டில் தொந்தரவு கூடினால், மான்கள் ஆள் நுழையாத தனியார் நிலத்தில் ஒதுங்குகின்றன. வேலி சாய்கிறது, குளிர்காலத்துக்கு அடுக்கிவைத்த தீவனப்போர் காலியாகிறது. அனுமதியில்லாமல் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாததால், வேட்டைக்காரருக்கும் கை வெறுங்கைதான்.

தூரம் அதிகம், பாரம் அதிகம், பாதையும் மோட்டாருக்குத் திறந்தது என்றால் டர்ட் பைக். தூரம் குறைவு, இரவில் சார்ஜ் போட இடமுண்டு என்றால் இ-பைக். எது வாங்கினாலும், பெரிய பாதையோடு வண்டியை நிறுத்திவிட்டு மீதியை நடப்பவருக்கே மான் கண்ணில் படும். பண்ணைக்காரரின் போரும் பிழைக்கும்.