நாய்க்கு ஒரு விண்ணப்பப் படிவம்

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா காலையில் இட்லி சுட்டு விற்கிறார். ரேஷன் கார்டு, பேங்க் சலான் என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் சென்ற வருடம் நான் நிரப்பிய ஒரு படிவத்தைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அது ஒரு நாய்க்கு வீடு தேடும் படிவம்!

சிரித்து முடித்துவிட்டீர்களா நண்பர்களே? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முனையில் வாடகைக்கு இருந்தவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாம் வண்டியில் ஏறியது. அவர்கள் வளர்த்த வெள்ளை பொமேரியன் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றது. நாலு நாள் அந்தப் பூட்டிய கேட்டை விட்டு அது நகரவில்லை. தெருவில் பிறந்த நாய்க்காவது எந்த டீக்கடையில் பொறை போடுவார்கள் என்று தெரியும். வீட்டில் வளர்ந்த நாய்க்கு அதுவும் தெரியாது. மற்ற நாய்கள் வேறு கடித்துவிட்டன. ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"நாமளே ஒண்டுக் குடித்தனம். இதுல இது வேறயா?" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து உண்ணி பிடுங்க ஆரம்பித்தார். ஆனால் வீட்டுக்காரர் பேசினார். "ரெண்டு நாள்ல நாய் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

ஒரு பிராணிகள் காப்பகத்துக்கு போன் செய்தேன். இடம் இல்லை என்றார்கள். "மூணு வாரம் நீங்களே வச்சிருக்க முடியுமா தம்பி? வைத்தியம், மருந்து எங்க பொறுப்பு. அதுக்குள்ள வீடு பார்த்துடலாம்" என்றார் அங்கிருந்த அக்கா. நான் அப்பாவைப் பார்த்தேன். யாரிடமும் எதுவும் கேட்காத அப்பா, வீட்டுக்காரரிடம் போய் நின்றார். "பையன் சொல்லிட்டான். மூணு வாரம்தான். அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் நானே காலி பண்ணிடறேன்" என்றார். அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

காப்பகம் என்றால் நாய்களை அடைத்துப் போட்டுச் சோறு போடும் இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலை அதற்கு மேல் இருக்கிறது. முதலில் டாக்டர் பார்த்தார். சிக்குப் பிடித்த சடையை வெட்டினார்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டார்கள். உடம்பு தேறியதும் கருத்தடை ஆபரேஷன். பிறகு போட்டோ எடுத்து, வயது என்ன, குழந்தைகளோடு பழகுமா, தனியாக விட்டால் குரைக்குமா என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் நிரப்பியது அந்தப் படிவம்தான்.

நாயை எடுக்க வருகிறவர்களுக்கு இன்னொரு படிவம். சொந்த வீடா, வாடகையா? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது? முதலில் வந்தவர், "குட்டி போடுமா? வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்றார். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் மொட்டை மாடியில் காவலுக்குக் கட்டிப்போட வேண்டும் என்றார். அவருக்கும் இல்லை. மூன்றாவதாக வந்தது ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். அவர்கள் வீட்டை நேரில் போய்ப் பார்த்த பிறகே கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து போன் செய்தும் விசாரித்தார்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா, "உங்க அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட நாம இவ்ளோ விசாரிக்கலையேடா" என்றார். அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

இந்த வேலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மையார் 1860-ல் அநாதை நாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கியபோது பத்திரிகைகளே கேலி செய்தன. அந்த இல்லம் 1871-ல் பாட்டர்சீ பகுதிக்கு மாறி இன்றும் நடக்கிறது. நம் சென்னையில் 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ். தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அவர்கள் 1964-லேயே தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி அந்த முறைக்கு வந்தது 1996-ல்தான்.

மெயின்டனன்ஸ் பாடத்தில் இரண்டு வகை படிக்கிறோம் அல்லவா? மெஷின் நின்ற பிறகு ஓடுவது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்காமல் பார்த்துக்கொள்வது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். கைவிட்ட நாய்க்கு வீடு தேடுவது முதல் வகை. கருத்தடை இரண்டாவது வகை. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். வருடத்துக்கு இரண்டு முறைகூட ஈனும். ஒவ்வொன்றாக வீடு தேடிக்கொண்டே போனால் கணக்கு எப்படி நிற்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருடப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! நம் கேன்டீனில் ஒரு டீ, ஒரு சமோசா சாப்பிடும் காசு. ஆகவே சட்டத்தை நம்பிப் பயனில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும்.

தோழர்களே, தோழியரே! நாளை நமக்கு வேலை கிடைக்கும். ஓசூருக்கோ புனேவுக்கோ போவோம். கையில் சம்பளம் வந்ததும் நாய்க்குட்டி வாங்க ஆசை வரும். கடைக்குப் போகுமுன் ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நாட்டு நாயும் இருக்கும், வீட்டில் வளர்ந்து வெளியே தள்ளப்பட்டதும் இருக்கும். எடுத்து வளர்க்க வசதி இல்லையா? மூன்று வாரம் வைத்திருந்து கொடுங்கள். ஒண்டுக் குடித்தனத்தில் எங்களால் முடிந்தது. அதுவும் முடியாதென்றால் நாய் வாங்காமலாவது இருங்கள். அதுவும் ஒரு பெரிய உதவிதான்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்