அடாப்டர் பாதி, கைவேலை பாதி

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கென்று செய்த பழைய லென்ஸ்களை மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் அடாப்டரைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. லைக்காவின் 39 மில்லிமீட்டர் திருகு மவுண்டில் லென்ஸின் அடிப்பகுதிக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 28.8 மில்லிமீட்டர். எஸ்எல்ஆர் கேமராவிலோ உள்ளே கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அந்த இடைவெளி 46.5. அதில் இந்த லென்ஸை மாட்டினால் தொலைவுக் காட்சி தெளியவே தெளியாது. கண்ணாடி இல்லாத சோனி இ மவுண்டில் 18 மட்டுமே என்பதால், 10.8 மில்லிமீட்டர் கனமுள்ள வளையம் ஒன்று போதுமானது. ஆனால் பழுதுபார்க்கும் மேசையில் இந்த லென்ஸ்கள் பிரித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: வளையம் லென்ஸைக் கேமராவோடு சேர்க்கிறது; அதைப் படமெடுக்கத் தக்கதாக்குவது மெக்கானிக்கின் கை.

சோவியத் ஒன்றியத்தில் ஏராளமாகச் செய்யப்பட்ட ஜூபிடர்-8 லென்ஸையே எடுத்துக்கொள்ளலாம். சைஸ் நிறுவனத்தில் லூட்விக் பெர்டலே வடிவமைத்த சொன்னாரின் வழிவந்தது. ஆறு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். பல பத்தாண்டுகளில் அதன் கிரீஸ் இறுகிவிடுகிறது. அதிலிருந்து கசியும் எண்ணெய் உள்கண்ணாடியில் மங்கலாகப் படிகிறது. ஃபோகஸ் குழாயில் பல மரைகள் இணையாக ஓடுவதால், அது கழன்று பிரியும் இடத்தைக் கீறிக் குறித்துக்கொண்ட பிறகே மெக்கானிக் பிரிக்கிறார். தவறான மரையில் பூட்டினால் தொலைவு அளவு பிசகிவிடும். புது கிரீஸை மெல்லிய பூச்சாகவே இட வேண்டும். மிகுந்தால் அப்பர்ச்சர் தகடுகளில் ஏறும். எண்ணெய்ப் படலம் துடைத்தால் போகும். பூஞ்சை அரித்த தடம் போகாது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்து அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் இந்தத் தொழிலின் நேர்மையில் சேர்த்தி.

மிரர்லெஸ் வந்தபின் இந்த வேலை குறைந்துவிட்டதே என்பார்கள். பாதி உண்மை. லைக்கா உடலில் ஜூபிடரை மாட்டினால் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் தூரமும் லென்ஸ் தெளியும் தூரமும் கிட்டத்தில் ஒத்துப்போகாது; மெல்லிய வளையத்தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது சென்சாரில் விழும் பிம்பத்தையே பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்வதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிறிய அச்சுப்படம் மறைத்த மங்கலையும், கண்ணாடி மையம் விலகியிருப்பதையும் அதே பெரிதாக்கல் காட்டிக்கொடுக்கிறது. வேலை இடம் மாறியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

அகலக்கோண லென்ஸைத் துடைத்துச் சீராக்கினாலும் மிரர்லெஸ்ஸில் மூலைகள் தெளியாது என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். 35 மில்லிமீட்டர் ஜூபிடர்-12இன் பின்கண்ணாடி ஃபிலிமை நெருங்கி நிற்கும். ஒளி சரிந்து வந்து, சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியைக் கடக்கும்போது மூலைகள் குழைகின்றன. எந்தத் துடைப்பும் அதைத் தீர்க்காது. மெல்லிய வடிகட்டி மாற்றிப் பொருத்தத் தேர்ந்த கை வேண்டும். 50 மில்லிமீட்டரிலும் அதற்கு மேலும் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. லென்ஸின் விலையைவிடப் பழுதுக்கூலி கூடுதல் என்ற மறுப்பை ஏற்க முடியவில்லை. கூலி கட்டுப்படியாகாமல் மெக்கானிக்குகள் தொழிலை விட்டால், பாட்டரி கேட்காத இந்த லென்ஸ்கள் இறுகிய உலோகமாகவே மிஞ்சும். ஆகவே பழைய லென்ஸ் வாங்குவோர் அடாப்டருக்கு ஒதுக்குவதுபோலப் பழுதுக்கூலிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.