ஊட்டியில் பிறந்த சபை

குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் பேருந்து மாறி ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிக்குப் போய்வந்த பெண்கள் எங்கள் தெருவில் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று அக்கல்லூரியைத் தொடங்கிய கன்னியர் சபை பிறந்த இடம் ரோமும் அல்ல, பாரிஸும் அல்ல, நம் உதகமண்டலம்.

நிறுவியவர் எலென் தெ ஷாப்போத்தேன். 1839-இல் பிரான்சின் நான்ந்து நகரில் பிறந்தவர். 'மரி ரெபாராத்ரிஸ்' சபையில் சேர்ந்து, 'பாடுகளின் மரியா' என்னும் துறவறப் பெயருடன் 1865-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், 28 வயதில், மாநிலத் தலைவி. பிறகு சபைக்குள் பிணக்கு முற்றியது. 1876-இல் 33 கன்னியரில் 20 பேர் வெளியேற நேர்ந்தது. அவரும் அதில் ஒருவர்.

நான் படித்த வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கோ மனம் அங்கேயேதான் நிற்கிறது. கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், அன்னிய நாட்டில், சபையற்றவர்களாக மலையேறுகிறார்கள். அந்த இரவுகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

அவர் ரோமுக்குப் போய் வழக்கை எடுத்துரைத்தார். 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி தந்தார். சோதனை அத்துடன் ஓயவில்லை. 1883-இல் தாம் நிறுவிய சபையின் தலைமையிலிருந்தே நீக்கப்பட்டார். பதின்மூன்றாம் சிங்கராயர் ஆணையிட்ட விசாரணைக்குப் பின், 1884-இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.